கருத்த கழுத்துக்குத் தங்கம் எடுக்காதா?

கேள்வி: எனக்கு 27 வயது. சொந்த ஊர் பாளையங்கோட்டை, வேலை பெங்களூரில். தை மாதம் கல்யாணம். நான் நல்ல கருப்பு, தங்கை சிவப்பு. நகை எடுக்கப் போன இடத்தில் பெரியம்மா, "கருத்த பிள்ளைக்கு மஞ்சத் தங்கம் எடுக்காது, வெள்ளக்கல்லா பாத்து எடு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ஆன்லைனில் காசு கட்டி, எந்த நிறம் நமக்கு எடுக்கும் என்று சொல்கிற ஒரு கலர் அனாலிசிஸ் செய்தேன். நான் 'வின்டர்' வகை என்றும், மஞ்சள் தங்கம் பக்கமே போகக்கூடாது, வெள்ளியும் பிளாட்டினமும் மட்டும்தான் என்றும் ரிப்போர்ட் வந்தது. அப்பா 30 பவுனுக்குச் சேர்த்து வைத்திருக்கிறார். ஆச்சியின் சிவப்புக்கல் அட்டிகை ஒன்று இருக்கிறது. அதை உருக்கி வெள்ளைத் தங்கத்தில் வைர நெக்லஸாக மாற்றிவிடலாமா? ரோஸ் கோல்டு எனக்குச் சரியாக இருக்குமா? முகூர்த்தப் புடவை அரக்கு, தங்க ஜரிகை. ரிசப்ஷனுக்கு லாவெண்டர், வெள்ளி ஜரிகை. கண்ணாடி போடுகிறவள். மூக்கு குத்தவில்லை, இப்போது குத்தலாமா என்றும் யோசிக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்:

அட்டிகையை உருக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய நகையை எடைபோட்டு உருக்கிவிட ஒரு கடைக்குக் கொஞ்ச நேரம் போதும், திரும்ப அதே வேலைப்பாட்டைச் செய்துதர ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். அதுவும் பழைய கல் நகையை உருக்கக் கொடுத்தால் கல்லுக்கும், உள்ளே அடைத்திருக்கும் அரக்குக்கும் எடை கழிப்பார்கள், தங்கத்தின் தரத்தைப் பார்த்து இன்னும் கழிப்பார்கள், கடைசியில் கையில் வரும் தொகையைப் பார்த்து ஆச்சிக்கு அல்ல, உங்களுக்கே அழுகை வரும்.

சரி, பெரியம்மாவிடம் வருவோம். எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்னது தப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் கண் எதையோ பார்த்திருக்கிறது. பளபளப்பான மஞ்சள் தங்கம் கருத்த கழுத்தில் பளிச்சென்று எழுந்து நிற்கும், அதன் பக்கத்தில் தோல் இன்னும் ஒரு சாயல் அடர்ந்து தெரியும். இது மனப்பிரமை இல்லை. இரண்டு நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெளிச்சமானது இன்னும் வெளிச்சமாகவும் அடர்ந்தது இன்னும் அடர்ந்தும் தெரியும். பாரிஸில் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட செவ்ரல் என்ற வேதியியலாளர் இதை 1839-இல் ஒரு பெரிய புத்தகமாகவே எழுதி வைத்தார். அங்கே நெய்த துணியில் கருப்பு மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது, சாயத்தைச் சோதித்தால் சாயத்தில் குறையே இல்லை, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கருப்பை அப்படிக் காட்டியிருக்கின்றன.

இப்போது பெரியம்மாவின் வைத்தியத்தைப் பாருங்கள். மஞ்சள் தங்கம் வேண்டாம், வெள்ளைக்கல் போடு என்கிறார். வைரமும் வெள்ளைக் கல்லும் மஞ்சள் தங்கத்தைவிட வெளிச்சமானவை, அப்படியென்றால் தோல் இன்னும் அடர்ந்துதான் தெரியும். நிறத்தைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் அதற்கு ஒரே வழி, தோலோடு தோலாக ஒட்டிப் போகிற மங்கின செம்பு நிறத்தில் நகை போடுவது. அது போட்டிருப்பதே யாருக்கும் தெரியாது. 30 பவுனை யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொள்வதற்கு எதற்குச் செய்கூலியும் சேதாரமும் கொடுக்க வேண்டும்? என்னிடம் கல்யாண நகைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வியே இதுதான்: நீங்கள் சிவப்பாகத் தெரிய வேண்டுமா, நகை நன்றாகத் தெரிய வேண்டுமா? இரண்டும் ஒன்றாக நடக்காது. கருத்த தோலில் நகை தெரிகிற அளவுக்கு வேறெந்தத் தோலிலும் தெரியாது. உங்கள் தங்கைக்கு ஒரு மெல்லிய தங்கச் செயின் போட்டால் அவள் கழுத்தில் அது பாதி கரைந்துவிடும், உங்களுக்கு அதே செயின் கோடு போட்ட மாதிரி நிற்கும்.

அந்த ஆன்லைன் ரிப்போர்ட்டையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். மனிதர்களை நான்கு பருவங்களாகப் பிரித்து நிறம் சொல்கிற முறை 1980-களில் அமெரிக்காவில் பிரபலமானது. பொன் முடி, செம்முடி, நீலக் கண், பச்சைக் கண் என்று விதவிதமாக இருக்கிற ஆட்களை வகை பிரிக்க அது வசதியாக இருந்தது. கருப்பு முடியும் அடர்ந்த கண்ணும் உள்ளவர்களை, தோல் எப்படியிருந்தாலும், பெரும்பாலும் அப்படியே மொத்தமாக 'வின்டர்' கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அந்தக் கணக்கில் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்குகிற அத்தனை பேரும் வின்டர்தான். பின்னால் 12 வகை, 16 வகை என்று உடைத்தார்கள், நிதானமாகத் துணி வைத்துப் பார்த்துச் சொல்கிற நல்ல ஆட்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் செல்போன் படத்தை அனுப்பி வாங்கின ரிப்போர்ட்டை நம்பி வீட்டில் பரம்பரையாகப் போடுகிற உலோகத்தையே தள்ளிவைப்பது அதிகப்படி. போன் கேமரா ஒவ்வொரு படத்திலும் வெளிச்சத்தைத் தானாகத் திருத்திக்கொள்ளும், மஞ்சள் சுவர் முன்னால் நின்றால் உங்கள் முகத்தில் நீலம் ஏறும், நீலச் சுவர் முன்னால் நின்றால் மஞ்சள் ஏறும்.

மணிக்கட்டு நரம்பு நீலமா பச்சையா என்று பார்க்கச் சொல்லியிருப்பார்களே, அதையும் விட்டுவிடுங்கள். மேல் தோலில் நிறம் தருகிற மெலனின் கூடுதலாக இருக்கும்போது நரம்பின் நிறம் அந்தப் பழுப்பு வழியாகத்தான் கண்ணுக்கு வரும், பாதிப் பேருக்கு நரம்பே தெரியாது.

அதற்காக எல்லாக் கருப்பும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. செம்மண் கலந்த கருப்பு உண்டு, லேசாக நீலம் ஓடுகிற கருப்பு உண்டு, தேன் நிறத்தில் இருக்கிற மாநிறம், பச்சை ஓடுகிற மாநிறம் எல்லாம் உண்டு. முகத்தில் பார்த்தால் தெரியாது, வெயிலும் கிரீமும் அதை மாற்றியிருக்கும். காதுக்குக் கீழே கழுத்தின் பக்கவாட்டிலும் முழங்கையின் உட்புறத்திலும் பாருங்கள். நலங்குக்கு மஞ்சள் பூசின வாரத்தில் பார்க்காதீர்கள், அப்போது எல்லோரும் தங்க நிறம்தான்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன், ஒரு விடுமுறை நாளில் செய்து பாருங்கள். காலை ஒன்பது பத்து மணிவாக்கில், வெயில் நேராக விழாத ஒரு ஜன்னல் பக்கம் உட்காருங்கள். முகத்தில் எதுவும் போடாமல், முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு, அப்பாவின் வெள்ளை வேட்டியைத் தோளைச் சுற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவின் தங்கச் செயின் ஒன்று, உங்கள் வெள்ளிக் கொலுசு ஒன்று, ரோஸ் கோல்டுக்குப் பதிலாகப் புளி போட்டுத் தேய்த்த ஒரு செம்புப் பாத்திரம், இது மூன்றும் போதும், எந்தக் கடைக்கும் போக வேண்டாம். கொலுசு கருத்திருந்தால் பல்பொடி போட்டுத் துலக்கிக்கொள்ளுங்கள், கருத்த வெள்ளியை வைத்து வெள்ளியைத் தீர்மானிக்கக்கூடாது. ஒவ்வொன்றாகத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு கண்ணாடியில் பாருங்கள். நகையைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். குறிப்பாகக் கண்ணுக்குக் கீழேயும் உதட்டைச் சுற்றியும், நமக்கெல்லாம் அந்த இடத்தில்தான் தோல் சாம்பல் ஓடி இருக்கும். எந்த உலோகத்தைப் பிடிக்கும்போது அந்தச் சாம்பல் திட்டு முன்னால் வந்து நிற்கிறதோ அது முகத்துக்கு அருகில் வேண்டாம். எதைப் பிடிக்கும்போது கண்ணின் வெள்ளையும் பல்லும் முதலில் கண்ணில் படுகிறதோ அது உங்களுக்கானது.

தங்கத்துக்கும் வெள்ளிக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் சந்தோஷப்படுங்கள், உங்களுக்கு இரண்டுமே எடுக்கும். அடர்ந்த தோல்காரர்களில் நிறையப் பேருக்கு இப்படித்தான் வரும். மஞ்சளா வெள்ளையா என்பதைவிட, உலோகம் தோலைவிட எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்பதுதான் நம் கண்ணுக்கு முதலில் தெரிவது. இதைச் சோதிக்கத்தான் போன் உதவும்: நகையோடு ஒரு படம் எடுத்து அதைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நகை தனியாகத் தெரிந்தால் நல்லது, கழுத்தோடு கரைந்தால் அந்த நகை கல்யாண மண்டபத்தில் ஐந்தாவது வரிசைக்கு மேல் யாருக்கும் தெரியப்போவதில்லை.

ரோஸ் கோல்டு பற்றிய உங்கள் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 18 கேரட் ரோஸ் கோல்டில் 75 சதவீதம் தங்கம், மீதியில் பெரும்பகுதி செம்பு, அதனால்தான் அந்தச் சிவப்பு. செம்மண் கலந்த கருப்புக்கும் மாநிறத்துக்கும் அது ரொம்ப நெருக்கமான நிறம். மெல்லிய செயின், சின்னத் தோடு இதெல்லாம் ரோஸ் கோல்டில் வாங்கினால் போட்டும் போடாத மாதிரி இருக்கும். பட்டையான வளையல், அகலமான மோதிரம், நடுவில் வெள்ளைக் கல் வைத்த டாலர் என்றால் நன்றாக இருக்கும், ஆபீசுக்குப் போட்டுப் போக அழகான நிறம் அது. கல்யாணத்துக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், மஞ்சள் கயிற்றுக்குப் பக்கத்தில் அது வெளுத்துப்போன சாயம் மாதிரி தெரியும்.

மஞ்சள் தங்கத்திலேயே எல்லாம் ஒரே மஞ்சள் இல்லை. 22 கேரட் என்றால் 91.6 சதவீதம் தங்கம், மீதி எட்டரை சதவீதத்துக்குள் வெள்ளியும் செம்பும் எந்த அளவில் கலக்கிறார்கள் என்பதைப் பொறுத்து நிறம் நகரும். வெள்ளி கூடினால் எலுமிச்சைப் பக்கம் போகும், செம்பு கூடினால் சிவந்து ஆழமாகும். கடையில் இரண்டு வளையலை ஒன்றாக வைத்துப் பார்த்தால் நீங்களே பிடித்துவிடுவீர்கள். உங்களுக்கு நான் சொல்வது கொஞ்சம் சிவந்த மஞ்சள். எலுமிச்சை நிறத் தங்கம் கருத்த தோலில் கவரிங் சாயலைக் கொடுத்துவிடும், காசைக் கொட்டிக் கொடுத்துவிட்டு அந்தப் பெயரை வாங்க வேண்டாம்.

அதைவிட முக்கியம் மெருகு. இதை யாரும் யோசிப்பதில்லை. அடர்ந்த தோலில் வியர்வையின் மினுமினுப்பும் எண்ணெய் மினுமினுப்பும் கூடுதலாகத் தெரியும், பின்னணி அடர்ந்திருப்பதால் வெளிச்சப் புள்ளிகள் துல்லியமாக விழும். அதன்மேல் கண்ணாடி மாதிரி மெருகு போட்ட அகலமான ஆரத்தைப் போட்டு, வீடியோக்காரர் லைட்டை முகத்துக்கு நேராகப் பிடித்தால் ஆரம் இருக்கிற இடத்தில் வெறும் வெள்ளைத் திட்டுதான் படத்தில் விழும். வேலைப்பாடு ஒன்றும் தெரியாது. அதனால் பெரிய உருப்படிகள், ஆரம், ஒட்டியாணம், கையில் போடுகிற வங்கி இதெல்லாம் பளபளக்காத மேட் மெருகிலோ, உருவங்கள் புடைத்து நிற்கிற நகாஷ் வேலையிலோ இருக்கட்டும், பள்ளத்தில் கொஞ்சம் கருத்து மேட்டில் மட்டும் மினுங்குகிற ஆன்டிக் மெருகு என்றால் இன்னும் நல்லது. ஜிமிக்கி, தோடு, மாட்டல் மாதிரி சின்ன உருப்படிகள் நல்ல பளபளப்பாக இருக்கட்டும். ஆனால் ஆன்டிக் என்ற பெயரில் முழுக்கக் கருத்துப்போன பழுப்பு நிறத்தில் சில கடைகளில் கொடுக்கிறார்கள், அது சிவந்த தோல்காரர்களுக்கு எடுப்பாக இருக்கும், உங்கள் கழுத்தில் மறைந்துவிடும்.

வெள்ளைத் தங்கம் பற்றிக் கேட்டீர்கள். அது அசலில் தூய வெள்ளை கிடையாது. தங்கத்தோடு பல்லேடியமோ நிக்கலோ கலந்து வெளுக்க வைத்து, மேலே ரோடியம் என்ற வெள்ளை உலோகத்தைப் பூசிக் கொடுப்பார்கள். தினமும் போட்டால் ஓரிரு வருஷத்தில் பூச்சு தேய்ந்து உள்ளே இருக்கிற மங்கின மஞ்சள் எட்டிப் பார்க்கும், மறுபடி பூச வேண்டும். நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோல் என்றால் அரிப்பும் வரும், கவரிங் தோடு போட்டு உங்களுக்குக் காது புண்ணாகியிருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள், அப்படியென்றால் நிக்கல் இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள். பிளாட்டினம் அந்தத் தொல்லை இல்லாதது, 95 சதவீதம் சுத்தமானதுதான் நகையாக வருகிறது, நிறம் மாறாது. ஆனால் அது 1,768 டிகிரியில் உருகுகிற உலோகம், தங்கம் 1,064 டிகிரியில் உருகிவிடும். பாளையங்கோட்டையில் உங்கள் வீட்டு ஆசாரியிடம் கொடுத்துப் பற்றவைக்கிற சமாசாரம் இல்லை அது. மோதிரம் ஒன்று வேண்டுமானால் பிளாட்டினத்தில் எடுங்கள், கல்யாண நெக்லஸ் வேண்டாம்.

இன்னொரு விஷயம் அந்த ரிப்போர்ட் எழுதினவருக்குத் தெரிந்திருக்காது. தை மாதத்துக்குப் பிறகு உங்கள் கழுத்தில் தினமும் இருக்கப்போவது முதலில் மஞ்சள் கயிறு, அப்புறம் தாலிச் சரடு. காலில் வெள்ளி மெட்டி. வெள்ளி மட்டும்தான் போட வேண்டும் என்றால் தாலியை எங்கே வைப்பது? நம் வீட்டுப் பெண்கள் இடுப்புக்கு மேலே தங்கம், கீழே வெள்ளி என்று காலகாலமாக இரண்டு உலோகத்தையும் சேர்த்துத்தான் போடுகிறார்கள், யாருக்கும் அது பொருத்தமில்லாமல் தெரியவில்லை. தினமும் போடப்போகிற எந்த நகையும் அந்தச் சரட்டோடு சேர்ந்து இருக்க வேண்டும், அதை மனதில் வைத்து வாங்குங்கள்.

கற்களுக்கு வருகிறேன், இங்கேதான் கருத்த தோல்காரர்கள் நிறைய ஏமாறுகிறார்கள். ஒளி ஊடுருவுகிற அடர்ந்த நிறக் கல், அதாவது கருநீல நீலக்கல், அடர்ந்த கார்னெட், ரொம்பக் கருத்த பச்சை, இதெல்லாம் கவுன்டரில் கண்ணாடித் தட்டின் மேல், கீழே வெள்ளைத் துணியும் மேலே லைட்டுமாக இருக்கும்போது பிரமாதமாக இருக்கும். அதையே உங்கள் கழுத்தில் வைத்து நாலடி தள்ளி நின்று பார்த்தால் கருப்புப் புள்ளி. அதனால் கல் வாங்கும்போது ஒரே விதி: கடைக்காரரைக் கெஞ்சியாவது வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய், உங்கள் தோல்மேலேயே வைத்து, கூட வந்தவரை நாலடி தள்ளி நின்று என்ன நிறம் தெரிகிறது என்று சொல்லச் சொல்லுங்கள். நடுத்தரப் பச்சை மரகதம், வெளிர்நீல இலங்கை நீலக்கல், ரோஜா நிறம் கலந்த மாணிக்கம் இவை தேறும். நீலக்கல்லுக்கு ஜோசியரிடம் கேட்க வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள், அது உங்கள் வீட்டு விவகாரம், நான் நிறத்தை மட்டும்தான் சொல்கிறேன்.

ஒளி ஊடுருவாத கற்கள் உங்களுக்கு இன்னும் நல்ல நண்பர்கள். பவளம், டர்க்காய்ஸ், முத்து இவையெல்லாம் மேற்பரப்பிலேயே நிறத்தை வைத்திருப்பவை, மண்டபத்தில் லைட் மங்கினாலும் நிறம் போகாது. பவளத்தில் ஆரஞ்சு கலந்த சிவப்பு. முத்தில் சுண்ணாம்பு வெள்ளை வேண்டாம், அது பிளாஸ்டிக் மாதிரி தெரியும். கொஞ்சம் பாலேடு நிறமோ ரோஜாச் சாயலோ உள்ளதை எடுங்கள், மினுமினுப்பு ஆழமாக இருக்க வேண்டும், முத்தில் உங்கள் முகத்தின் நிழல் தெரிகிறதா என்று பாருங்கள். கருத்த கழுத்தில் இரண்டு சரம் நல்ல முத்து போட்டால் வேறெதுவும் வேண்டியதில்லை, இதை நான் எத்தனை பேருக்குச் சொன்னாலும் கேட்கமாட்டார்கள், கல்யாணத்துக்கு முத்தா என்று தள்ளிவிடுவார்கள்.

வைரத்தில் ஒரு காசு மிச்சம் சொல்கிறேன். நிறமில்லாத வைரத்துக்கு டி-யில் தொடங்கி இசட் வரைக்கும் தரம் போடுகிறார்கள், டி, ஈ, எஃப் என்றால் துளி மஞ்சளும் இல்லாதது, விலையும் அப்படி. மஞ்சள் தங்கத்தில் பதிக்கப்போகிற கல்லுக்கு அந்தத் தரம் வீண், சுற்றியுள்ள தங்கத்தின் மஞ்சளே கல்லுக்குள் பிரதிபலிக்கும். ஜே, கே தரமே தோட்டில் போட்டால் வெள்ளையாகத்தான் தெரியும். அந்தக் காசை வெட்டு நன்றாக இருக்கிற கல்லில் போடுங்கள், பத்தடி தள்ளி மினுங்குவது வெட்டுதான்.

இப்போது ஆச்சியின் அட்டிகை. சிவப்புக்கல் என்று எழுதியிருக்கிறீர்கள், கெம்பாகத்தான் இருக்கும். பழைய அட்டிகைகளில் நிஜ மாணிக்கமும் இருக்கும், கண்ணாடியும் இருக்கும், சிலதில் இரண்டும் கலந்தே இருக்கும், ஒரு ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் காட்டித் தெரிந்துகொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் அதன் கட்டுமானத்தைக் கவனியுங்கள். பின்பக்கம் மூடி, கல்லுக்கு அடியில் மினுங்குகிற தகடு வைத்துப் பதித்திருப்பார்கள். மேலேயிருந்து விழுகிற வெளிச்சம் தகட்டில் பட்டுத் திரும்பி வருவதால் கல்லின் சிவப்பு தோலின் நிறத்தை நம்பி இருக்காது. இப்போதைய திறந்த கட்டு நகையில் கல்லுக்குப் பின்னால் உங்கள் தோல்தான் இருக்கும், தோல் கருப்பென்றால் கல்லும் இருண்டுபோகும். நம் ஊர்த் தோலுக்கும் விளக்கு வெளிச்சத்துக்கும் எது தேவை என்று அந்தக் காலத்து ஆசாரிகளுக்குத் தெரிந்திருக்கிறது.

தகடு மங்கியிருந்தால் கல் பொலிவிழந்து தெரியும், அதைச் சரிசெய்யலாம். உங்கள் ஊருக்குப் பக்கம்தானே நாகர்கோவில், வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்கள் கெம்புக் கல் பதிப்பதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள், அந்த நகைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அங்கே விசாரித்து ஆள் பிடித்துக் காட்டுங்கள். ஒன்று மட்டும், கடையில் நகை கழுவுகிற மெஷினில் இதைப் போட விடாதீர்கள், வெந்நீரும் வேண்டாம், தண்ணீர் உள்ளே இறங்கினால் தகடும் போகும் அரக்கும் இளகும். காய்ந்த மென்மையான பிரஷ் போதும். அட்டிகையின் ஓரத்தில் சின்ன முத்து கோத்திருக்கிறதா? இல்லையென்றால் கோக்கச் சொல்லுங்கள், அந்த வெள்ளை வரிதான் சிவப்பைக் கழுத்திலிருந்து பிரித்துக் காட்டும். அரக்குப் புடவைக்கு இதைவிட என்ன வேண்டும்? முகூர்த்தத்துக்கு அட்டிகை, அதற்குக் கீழே மேட் மெருகில் ஒரு காசுமாலையோ மாங்காய் மாலையோ, காதில் பளபளப்பான ஜிமிக்கி. மண்டபத்து மஞ்சள் லைட்டும் ஹோமத் தீயும் தங்கத்துக்கு நல்லது செய்யும், அந்த நேரத்தில் வெள்ளை உலோகம் போட்டால் சாம்பலாகத்தான் தெரியும்.

ரிசப்ஷன் வேறு கதை. அங்கே புடவை என்ன நிறம் என்பதைவிட ஜரிகை என்ன நிறம் என்று பார்த்து நகை எடுங்கள். முழங்கையிலும் தோளிலும் நகையை ஒட்டிக் கிடப்பது ஜரிகைதான். வெள்ளி ஜரிகை லாவெண்டருக்கு வெள்ளைப் பார்வையுள்ள நகை வேண்டும், அதற்காக வெள்ளைத் தங்கத்தில் தனி செட் வேண்டாம். மஞ்சள் தங்கத்தில் செய்து, கல் பதித்த முகப்பில் மட்டும் வெள்ளை ரோடியம் பூசின வைர நகைகள் எல்லாக் கடையிலும் இருக்கின்றன. முன்னாலிருந்து பார்த்தால் வெள்ளை, ஓரத்தில் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு, தாலியோடும் ஒத்துப்போகும். வைர நகை 18 கேரட்டில்தான் பெரும்பாலும் வரும், 750 முத்திரையும் எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இலக்கமாக வருகிற ஹால்மார்க் அடையாளமும் இருக்கிறதா பாருங்கள், 2023 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். முகத்தோடு ஒட்டி இருப்பது புடவை இல்லை, ரவிக்கை. ரவிக்கையின் கழுத்தை வெள்ளி வேலைப்பாட்டால் நிரப்பிவிட்டு அதன்மேல் நெக்லஸும் போட்டால் இரண்டும் அடித்துக்கொள்ளும், ஒன்றைச் சாதாரணமாக விடுங்கள்.

கழுத்து மட்டும் மடிப்பு மடிப்பாகத் தடித்துக் கருத்திருந்தால், நான் சும்மா சொல்லி வைக்கிறேன், அதை மறைக்க நகை தேடாமல் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை சம்பந்தமான காரணம் சில சமயம் இருக்கும்.

கண்ணாடி போடுகிறவள் என்று எழுதினீர்களே, அதை லேசாக விடாதீர்கள். உங்கள் முகத்திலேயே பெரிய நகை அதுதான், வருஷம் முழுக்க இருப்பதும் அதுதான். கன்மெட்டல் என்கிற கருஞ்சாம்பல் நிற ஃபிரேம் கருத்த முகத்தில் நிழல் மாதிரி விழும். தங்க நிற மெல்லிய ஃபிரேம் ஒன்று வாங்கி மாற்றிப் பாருங்கள், நகைக்குச் செலவழிக்கிற காசில் அது ஒரு ஓரத்துக்குக்கூட வராது. முகூர்த்தத்துக்குக் கான்டாக்ட் லென்ஸ் போடுவதாக இருந்தால் ஹோமப் புகையை யோசித்துக்கொள்ளுங்கள்.

மூக்குத்தி தாராளமாகக் குத்தலாம், உங்கள் நிறத்துக்கு நான் முதலில் வாங்கச் சொல்வதே ஒற்றைக்கல் வைர மூக்குத்தியைத்தான். முகத்தின் நடுவில் ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி, கண்ணின் வெள்ளைக்கும் பல்லுக்கும் துணை. ஆனால் ஐப்பசி பிறந்துவிட்டது, மூக்கு முழுசாக ஆற மாதக்கணக்கில் ஆகும், தையில் வீங்கின மூக்கோடு உட்கார வேண்டாம் என்றால் இந்த வாரமே குத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கல்யாணம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம், அன்றைக்கு ஒட்டுகிற மூக்குத்தி போதும். குத்தும்போது முதலில் போடுவது தங்கத்தில் சாதாரண ஒற்றைக் குமிழாகவே இருக்கட்டும், வைரத்தைப் புண் ஆறின பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.